ஆடும் பிள்ளையும் ஆக்கும் பிள்ளையும்

நம் சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் நூல் விலை, கூலி, கடன், தள்ளுபடி, சரக்குத் தேக்கம் ஆகிய விஷயங்களே பெரிதும் பேசப்படுவது வழக்கம். அது முறையும் ஆகும். ஆயினும், சென்ற ஆண்டுச் சித்திரையில் நாம் கலந்துகொண்ட ஒரு நெசவாளர் சங்கக் கூட்டத்தில், முற்றிலும் வேறான ஒரு பொருளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் வாதம் நிகழ்ந்தது. கோடை விடுமுறையில் அங்கத்தினர்களின் பிள்ளைகளுக்குக் கணிப்பொறியில் விளையாட்டுக்களை அமைக்கக் கற்பிப்பது சங்கத்தின் வேலையா, அன்றா என்பதே அப்பொருள். அந்த வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. வரும் கூட்டத்திலும் அது எழவிருக்கிறது. பிற சங்கங்களிலும் எழக்கூடும். ஆகவே இது குறித்து நம் அபிப்பிராயத்தை அங்கத்தினர்கள் முன் வைப்பது கடமை எனக் கருதுகிறோம்.

அன்று முதலில் எழுந்து பேசியவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மூத்த அங்கத்தினர். “ஆய்வாளர் ஐயா, என் பேரன் சோற்றுக்குக்கூடக் கைப்பேசியை விட்டு எழுந்திருப்பதில்லை. அந்த நோய்க்கு மருந்து கேட்டால், நோயையே பாடமாக நடத்தலாம் என்கிறீர்களே!” என்று அவர் கேட்டார். கூட்டத்தில் பலர் தலையசைத்தனர். அப்பெரியவர் கூறியதை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுக்களால் எத்தனை குடும்பங்கள் குலைந்தன என்பதை நாம் அறிவோம். அவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-இல் சட்டம் நிறைவேற்ற நேர்ந்தது. அது 2023-இல் நடைமுறைக்கு வந்தது. 2025-இல் மத்திய அரசும் அவ்வகை விளையாட்டுக்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. எனவே, பிள்ளைகளின் கையில் உள்ள கண்ணாடித் திரையைக் கண்டு பெரியோர் அஞ்சுவது நியாயமே.

ஆனால் ஆடுவது வேறு, ஆக்குவது வேறு. பட்டு உடுத்துவோர் அனைவரும் தறியை அறிந்தவர் ஆகமாட்டார்கள். உடுத்துவோருக்குப் பூ மட்டுமே தெரியும். நெய்தவருக்கோ அந்தப் பூவில் எத்தனை பாவிழை எழுந்தது, எத்தனை இழை கிடந்தது, எங்கே ஒரு விழுது தவறினால் இதழ் கோணும் என்பதெல்லாம் தெரியும். விளையாட்டை ஆடுகின்ற பிள்ளை, வேறொருவர் வகுத்த விதிக்குள் அடங்கி நிற்கிறது. விளையாட்டை ஆக்குகின்ற பிள்ளையோ விதியைத் தானே வகுக்க வேண்டும். வகுத்த விதி நடக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நடக்கவில்லையானால் பிழை எங்கே என்று தேட வேண்டும். இதுவன்றோ கல்வி?

இப்படி நாம் நெசவைச் சான்று காட்டுவது பேச்சுக்கு அழகு சேர்க்கும் பொருட்டன்று. கணிப்பொறிக்கும் தறிக்கும் உண்மையிலேயே உறவு உண்டு. பிரான்சு தேசத்தின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-இல் அட்டைகளால் இயங்கும் தறியமைப்பை உருவாக்கினார். அவர் பெயரைத்தான் நாம் இன்றும் ‘ஜக்கார்டு பெட்டி’ என்று நம் தறிகளின் தலைமேல் ஏற்றி வைத்திருக்கிறோம். அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவிழை எழும். துளை இல்லாத இடத்தில் கிடக்கும். ஓர் அட்டை ஓர் ஊடைக்கு உரியது. இந்த யோசனையையே இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞர், தாம் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்திற்கு எடுத்துக்கொண்டார். அவ்வியந்திரத்தைப் பற்றி 1843-இல் குறிப்புக்கள் எழுதிய அடா லவ்லேஸ் என்ற அம்மையார், ஜக்கார்டு தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல இவ்வியந்திரம் கணித வடிவங்களை நெய்யும் என்று விளக்கினார். கட்டத்தாளில் புட்டா வரைந்து, அதைப் பார்த்து அட்டை குத்தும் நம் ஊர்க் கலைஞர், எழுத்தறியாதவராயினும் நிரல் எழுதுபவரே. அவர் வீட்டுப் பிள்ளைக்குக் கணிப்பொறி அந்நியமானது என்று கருதுவது, சொந்தச் சொத்தைப் பிறருடையது என்று எண்ணி ஒதுங்குவது போலாகும்.

இனி, விளையாட்டை ஆக்கச் செய்வதன் மூலம் கற்பிக்கும் முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய சீமோர் பேப்பர்ட் என்ற பேராசிரியரும் அவருடைய தோழர்களும் 1967-இல் குழந்தைகளுக்கென ‘லோகோ’ என்ற கணிப்பொறி மொழியை அமைத்தனர். கணிப்பொறி பிள்ளைக்கு உத்தரவிடுவதை விட, பிள்ளை கணிப்பொறிக்கு உத்தரவிடுவதே நன்று என்பது அவர் கொள்கை. அவர் வழிவந்த இதித் ஹாரெல் என்ற அம்மையார், 1980-களில் பாஸ்டன் நகரத்துப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். பின்னக் கணக்கைத் தங்களினும் இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நிரல்களை அவர்களே ஆக்க வேண்டும் என்பதே அவ்வேலை. பின்னர் யாஸ்மின் கஃபாய் என்ற அம்மையார் அதே வகையில் பிள்ளைகளைப் பின்னக் கணக்கு விளையாட்டுக்களையே அமைக்கச் செய்து, அந்த அனுபவத்தை 1995-இல் நூலாக வெளியிட்டார். ‘அரை என்றால் என்ன?’ என்பதற்கு விடை சொல்ல ஒரு பிள்ளைக்கு ஒரு நொடி போதும். ஆனால் ‘அரை என்பதைத் தம்பிக்கு எப்படிப் புரியவைப்பது?’ என்ற கேள்வி அதே பிள்ளையைப் பல நாள் சிந்திக்க வைக்கும். பிறருக்குக் கற்பிக்க முனைகிறவனே தான் நன்றாகக் கற்கிறான் என்பது நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைகளும் அறிந்த உண்மை அல்லவா?

வளர்ந்த பிள்ளைகளிடமும் இம்முறை சோதிக்கப்பட்டது. ஹாரெல் அம்மையார் 2006-இல் ‘குளோபலோரியா’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். அது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துப் பள்ளிகளில் 2007 முதல் நடைபெறலாயிற்று. அம்மாநிலம் நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த மலைநாடு. சுரங்க வேலை குறையக் குறைய, இளைஞர் ஊரை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த பூமி. அங்கே பதின்பருவத்து மாணவர்கள் அறிவியல், கணிதம், உடல்நலம், சமூகம் முதலியவற்றில் ஒரு பொருளைத் தேர்ந்து, அதைப் பற்றிப் படித்து, முதலில் தாளில் வரைந்து, பிறகு நிரலெழுதி, பிறருக்குப் பயன்படும் விளையாட்டாக ஆக்கினர். பெருநகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது எனக் கருதப்பட்ட கலை, மலைநாட்டுத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று என்பதே நாம் இங்குக் கொள்ளத்தக்க பாடம். மற்றொரு பாடமும் உண்டு. அவர்கள் அக்காலத்தில் பயன்படுத்திய ‘ஃபிளாஷ்’ என்ற மென்பொருள் 2020-ஆம் ஆண்டின் முடிவில் கைவிடப்பட்டது. கருவி மறைந்தது, ஆனால் விதி வகுத்தல், சோதித்தல், திருத்துதல் என்ற பயிற்சி மறையவில்லை. நாம் கற்பிக்க வேண்டியது எந்தக் கருவியையும் அன்று, வேலையை.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்த பின், அன்றைய கூட்டம் ‘ஒரே ஒரு கோடைக்கு மட்டும்’ என்ற நிபந்தனையுடன் அனுமதி தந்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் எண்மர், பக்கத்து ஊர் வேளாண்மைச் சங்கத்து அங்கத்தினர்களின் பிள்ளைகள் நால்வர், ஆகப் பன்னிருவர் சேர்ந்தனர். வயது பதின்மூன்று முதல் பதினேழு வரை. சங்கத்து மாடியில், பழைய ஊடைக் கூடைகளை ஒதுக்கி நான்கு கணிப்பொறிகள் வைக்கப்பட்டன. உள்ளூர்ப் பள்ளியில் கணிப்பொறி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் மாலைதோறும் வந்தார். ‘ஸ்க்ராட்ச்’ என்ற இலவச மென்பொருளே கருவி. இதையும் மாசசூசெட்ஸ் கழகத்தாரே 2007-இல் வெளியிட்டனர். கட்டளைகளைக் கட்டைகள் போல ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். கணிப்பொறியில் ஒருமுறை ஏற்றிவிட்டால் இணைய இணைப்பு இன்றியும் அது இயங்கும். ஓர் இயந்திரத்திற்கு மூவர் என்பது முதலில் குறையாகத் தோன்றியது; பின்னர் அதுவே நன்மையாயிற்று. ஒருவர் படம் வரைய, ஒருவர் கட்டளை பொருத்த, ஒருவர் ஆடிப்பார்த்துக் குறை சொல்ல, மூவரும் முறை மாறி மாறிச் செய்தனர். கூட்டுறவைப் பற்றி நாம் ஆற்றும் சொற்பொழிவுகளினும் இது அவர்களுக்கு நன்கு விளங்கியது.

முதல் வாரத்தில் பிள்ளைகள் ஆக்கியவை விளையாட்டு என்று சொல்லத்தக்கவையல்ல. திரையில் ஒரு கேள்வி தோன்றும். சரியான விடையை அழுத்தினால் மணி அடிக்கும். ஆசிரியர் அதைப் பார்த்து, “இது தேர்வுத்தாளுக்குப் பொட்டு வைத்தது போல இருக்கிறது. கணக்கு விளையாட்டுக்கு வெளியே நிற்கிறது, உள்ளே வர வேண்டும்” என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் இக்கலையின் சாரம் அடங்கியிருக்கிறது. ஆடுபவர் ஓர் இலக்கை நோக்கிச் செல்ல வேண்டும். அறிவைப் பயன்படுத்தினாலன்றி இலக்கை அடைய இயலாதபடி விதி அமைய வேண்டும். தவறினால் ஏன் தவறியது என்பது ஆடுபவருக்கே தெரிய வேண்டும்.

வேளாண் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் ஆக்கியது நெல் வயல் விளையாட்டு. ஆடுபவர் கையில் யூரியா மூட்டைகள் இருக்கும். 45 கிலோ மூட்டை ஒன்றில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு, அதாவது ஏறத்தாழ 20.7 கிலோ. முதலில் இலை வண்ண அட்டையைப் பயிரின் இலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இலை வெளுத்திருந்தால் உரமிடலாம், பச்சையாய் இருக்கும்போதே இட்டால் பயிர் கொழுத்து, இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் ஏறி வரும், பயிர் சாயும். அவன் தகப்பனார் அதை ஆடிப் பார்த்து, மூன்று முறை தோற்றார். நான்காம் முறை வென்றபின், “இந்த அட்டையை நமக்குக் கொடுத்தார்களே, அது வீட்டில் எங்கே இருக்கிறது?” என்று மகனிடம் கேட்டாராம்.

இனி நாம் கூறப்போவது நமக்கே சற்று வெட்கம் தருவது. ஆயினும் மறைப்பது முறையன்று.

நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி, பத்தாம் வகுப்பு முடித்தவள், பாவு நூல் கணக்கை விளையாட்டாக்க விரும்பினாள். ஆடுபவர் தறிக்கு வேண்டிய நூலைச் சரியாக நிறுத்து வாங்க வேண்டும். கூடினால் பற்று ஏறும். குறைந்தால் பாவு நிற்கும். இதற்கு அவள் கணக்கை முதலில் தான் அறிய வேண்டியிருந்தது. ஒரு சிட்டம் 840 கஜம். 40-ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 40 சிட்டம். துண்டுப் பாவு ஒன்றுக்கு 2,000 இழை, 60 கஜ நீளம் என்றால் மொத்தம் 1,20,000 கஜம். எடை ஏறத்தாழ 1.62 கிலோ. இதற்குமேல் சேதாரம் நூற்றுக்கு இரண்டு என்பது நிர்வாகக் குழுவின் தீர்மானம். விளையாட்டின் விதியை உண்மைக்கு ஒத்ததாக்க, அவள் தன் தந்தையின் பாஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். தன் விளையாட்டில் வரும் எடையும் புத்தகத்தில் உள்ள எடையும் ஒவ்வவில்லை. தன் நிரலில்தான் பிழை என்று எண்ணி இரண்டு நாள் தேடினாள். பிழை கிட்டவில்லை. கடைசியில், “அப்பா, ஊடை நூலுக்குச் சேதாரம் எழுதியிருக்கிறார்கள், பாவு நூலுக்கு ஏன் இல்லை?” என்று கேட்டாள். தந்தைக்கு விடை தெரியவில்லை. எழுத்தருக்கும் தெரியவில்லை.

உண்மை இதுதான். ஈராண்டுகளுக்கு முன் பழைய அட்டவணையைப் புதிதாகப் படியெடுத்தபோது, பாவுச் சேதாரத்திற்குரிய பத்தி விடுபட்டுப் போயிருந்தது. எவரும் வேண்டுமென்று செய்ததன்று. பாவு ஒன்றுக்கு 32 கிராம் நூல் நெசவாளர் பற்றில் ஏறிவந்தது. தறிக்கு மாதம் ஒரு பாவு என்று கொண்டால் ஆண்டுக்கு 384 கிராம். அறுபது தறிகளுக்கு ஏறத்தாழ 23 கிலோ. ஒரு குடும்பத்திற்குச் சிறு தொகை. அதனாலேயே எவர் கண்ணிலும் படவில்லை. அந்த அட்டவணையை வைத்து எழுதிய பேரேட்டில் ஈராண்டும் நாம் கையொப்பமிட்டிருக்கிறோம். கூட்டல் சரியாக இருந்தது; அதைக் கண்டு நிறைவடைந்தோம். விதி சரியாக இருக்கிறதா என்று நாம் கேட்கவில்லை. பதினைந்து வயதுப் பெண் கேட்டாள்.

அட்டவணை அம்மாதமே திருத்தப்பட்டது. கடந்த ஈராண்டின் நூல் மதிப்பை அங்கத்தினர்களுக்கு வரவு வைக்கும் தீர்மானம் வரும் மகாசபையின் முன் இருக்கிறது. ஆனால் அதனுடனேயே மற்றொரு தீர்மானமும் வருகிறது. ‘சங்கத்தின் கணக்கைப் பார்ப்பது பிள்ளைகளின் வேலையன்று, எனவே இவ்வகுப்பு இனி வேண்டியதில்லை’ என்பது அது. முன்னர் ‘விளையாட்டு வீண்’ என்று எதிர்த்தவர்கள் இதைக் கொண்டுவரவில்லை. அம்மூத்த அங்கத்தினர் இப்போது தம் பேரனையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறார். வகுப்பு வீண் அன்று என்று கண்டுகொண்டவர்களே இத்தீர்மானத்தைக் கொண்டுவருகின்றனர்.

நாம் அவர்களைக் குறை கூற விரும்பவில்லை. தவறு வெளிப்படும்போது கூச்சம் வருவது இயல்பு, நமக்கும் வந்தது. ஆனால் அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கூட்டுறவு சங்கம் தனியார் கடை அன்று. அங்கத்தினர் ஒவ்வொருவரும் அதன் உடைமையாளர். உடைமையாளருக்குத் தம் கணக்கு விளங்காமற்போனால், சங்கம் பெயரளவில் மட்டுமே அவர்களுடையது. பாஸ் புத்தகத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு தலைமுறை வளர்வதைக் கண்டு அஞ்சும் நிர்வாகம், தன் அஸ்திவாரத்தைக் கண்டு தானே அஞ்சுவதாகும்.

செலவு பற்றிய ஆட்சேபனை ஒன்று உண்டு. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் கூடி நம் இயக்கத்திற்கு வழிகாட்டும் கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். அச்சங்கம் பின்னாளில் உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, நூலகமும் வாசகசாலையும் நடத்தியது. வயிறு நிறைந்தபின் கல்வி என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் 1995-இல் வகுத்த ஏழு கோட்பாடுகளில் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் தகவலும் ஆகும். அதில் இளைஞர்களுக்குக் கூட்டுறவின் இயல்பை அறிவிப்பதும் அடங்கும். பழைய கணிப்பொறி நான்கு, ஓர் ஆசிரியருக்குக் கோடைக்கால மதிப்பூதியம், மின்சாரம் ஆகியவற்றுக்கான செலவு, ஒரு ஆண்டு விழாவின் பந்தல் செலவை மிஞ்சவில்லை என்பதை நாம் கணக்கில் கண்டோம்.

மற்றோர் ஆட்சேபனை இன்னும் ஆழமானது. “இதைக் கற்றால் பிள்ளை தறியை விட்டுப் போய்விடாதா? வயலை விட்டுப் போய்விடாதா?” என்று தாய்மார் பலர் நம்மிடம் கேட்டனர். இதற்கு நாம் பொய்யான ஆறுதல் கூற மாட்டோம். சிலர் போகத்தான் செய்வார்கள். இவ்வகுப்பு இல்லாவிடினும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே சமயம், நாற்பது மாலைகளில் எவரும் பெரிய சம்பளத்திற்கு உரியவர் ஆகிவிடவும் மாட்டார். நாம் கேட்பது ஒன்றே. போகிற பிள்ளை தன் பெற்றோரின் தொழில் அறிவு நிறைந்தது என்று அறிந்து போகட்டும். இருக்கிற பிள்ளை கணக்கறிந்து இருக்கட்டும். பாவுக் கணக்கை விளையாட்டாக்கிய அப்பெண், அதற்காகத் தந்தையிடம் கேட்ட கேள்விகள் அதற்கு முன் பதினைந்து ஆண்டுகளில் கேட்டவற்றினும் அதிகம் என்று அவரே நம்மிடம் கூறினார்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, சங்கங்கள் கவனிக்கத்தக்க சில யோசனைகளைக் கூறுகிறோம். முதலாவது, விளையாட்டின் பொருள் பிள்ளைகளின் வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் வரட்டும். எங்கோ உள்ள விளையாட்டைப் பார்த்துப் படியெடுக்க வேண்டாம். இரண்டாவது, முதல் வாரம் கணிப்பொறியைத் தொடவே வேண்டாம்; தாளிலும் அட்டையிலும் புளியங்கொட்டையிலும் விதியை ஆடிப் பார்க்கட்டும். பல்லாங்குழியும் ஆடுபுலியும் விதியமைப்பில் நல்ல ஆசான்கள். மூன்றாவது, ஒவ்வொரு விளையாட்டையும் இளைய பிள்ளை ஒன்றும், தொழிலறிந்த பெரியவர் ஒருவரும் ஆடிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். நான்காவது, பெண் பிள்ளைகளுக்குச் சரிபாதி இடம் உறுதி செய்யப்பட வேண்டும். அதற்கேற்பப் பொழுது சாய்வதற்குள் வகுப்பு முடிய வேண்டும். ஐந்தாவது, பணம் வைத்து ஆடும் விளையாட்டு எதுவும் அவ்வறைக்குள் நுழையலாகாது.

அட்டவணையில் ஒரு பத்தி விடுபட்டதைக் கண்டுபிடிக்க ஆய்வாளராகிய நமக்கு ஈராண்டு போதவில்லை. விளையாட்டொன்றை ஆக்க முனைந்த பெண்ணுக்கு ஒரு கோடை போதியது. இத்தகைய கண்கள் நம் சங்கங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதே மகாசபையின் முன் உள்ள கேள்வி. அங்கத்தினர்கள் கூட்டத்திற்குத் தவறாது வந்து, அட்டவணைத் தீர்மானத்தையும் வகுப்புத் தீர்மானத்தையும் ஒன்றாக வைத்து எண்ணி, தம் கையை உயர்த்துவார்களாக.